பக்டன் பைக் மலையில் கிடந்த அலுமினியத் துண்டு: எடுக்கலாமா?

வணக்கங்க. இங்கிலாந்துல, யார்க்‌ஷயரில் பக்டன் பைக்ங்கிற மலையில ஏறினப்போ புல்லுக்குள்ள நசுங்கின அலுமினியத் துண்டு கிடந்துச்சு, எந்த விமானத்தோடது, ஞாபகத்துக்கு எடுத்துட்டு வரலாமான்னு கேட்டிருந்தீங்க.

எடுக்காதீங்க. ராணுவ விமானம் விழுந்த இடத்துல, 1986-ஆம் ஆண்டு பிரிட்டன் சட்டப்படி, அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சக உரிமம் இல்லாம ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. போட்டோ எடுத்துட்டு அப்படியே விட்டுடுங்க.

அது அநேகமா வெலிங்டன் குண்டுவீச்சு விமானம். 1942 ஜனவரிக் கடைசியில, பயிற்சிப் பறப்புல பனிப்புயல்ல சிக்கி மலையில மோதினது. உள்ளே இருந்த ஆறு பேருமே போலந்துக்காரங்க. ஐந்து பேர் செத்துட்டாங்க. வால்பக்கத் துப்பாக்கி வீரர் மட்டும் கால் முறிஞ்ச நிலையில பிழைச்சார். கண்ணே தெரியாத பனி. அதுல ஒரு நரியோட காலடித் தடம். இரை தேடி ஊர்ப்பக்கம்தான் போயிருக்கும்னு கணக்குப் போட்டு, அதையே பிடிச்சுத் தவழ்ந்து கீழே கிரே கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். என்ன மனுஷன்!

செத்தவங்களுக்காக வெச்ச நினைவுச் சிலுவை ஒண்ணு அந்த மலையில இருக்கு. அது உச்சியில இல்லைங்க, பலர் அங்கே தேடிட்டுத் திரும்பிடுறாங்க. உச்சியிலிருந்து தெற்கே, கற்சுவரை ஒட்டியே நடங்க. அடிப்பீடத்துல விமானத் துண்டுகளைப் பதிச்சிருக்காங்க. சின்னதா ஒரு வெண்கல நரித்தலையும் இருக்கு, குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.