அத்தையைப் பார்க்க செக்கிங் வேலையை விடலாமா?

பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரைக் கவனிக்க, பனியன் கம்பெனி செக்கிங் வேலையை விடச் சொல்கிறார் வீட்டுக்காரர், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். 4 வருடம் 8 மாதம் ஆச்சு என்கிறீர்கள். 5 வருடம் முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில். நாலு மாதத்துக்காக அதை விடுவானேன்?

"உன் சம்பளம்தானே கம்மி" என்று வீட்டுக்காரர் சொல்வது சாக்கு என்றே எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் என் சம்பளம்தான் அதிகம். அப்போதும் மாமனார் படுத்தபோது என்னைத்தான் வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி என்றுதான் சொல்கிறது. மருமகள் அதில் இல்லை. (இதை வீட்டில் சட்டமாகப் பேசினால் சண்டைதான் வரும்.)

ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள்: எந்த வேலை, எத்தனை மணிக்கு, யார் செய்தது. பக்கவாதம் வந்தவரை ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். அதற்கு ஆண் கைதான் வசதி. ராத்திரி முறை வீட்டுக்காரருக்கு, குளியல் உங்களுக்கு, ஞாயிறு நாத்தனாருக்கு என்று அப்புறம் பேசலாம்.

கூடவே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் கொடுங்கள். உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ வீட்டுக்கே வருவார்.

ஒன்று மட்டும் பாருங்கள். திருப்பூரில் இடையில் தொழிலாளியை கான்ட்ராக்ட்காரர் பெயருக்கு மாற்றிவிடுவதும் உண்டு. பிஎஃப் கணக்கில் சேர்ந்த தேதியும் கம்பெனி பெயரும் மாறியிருந்தால் 5 வருடக் கணக்கில் சிக்கல் வரலாம்ங்க.