ஆர்கெஸ்ட்ராவுல பாப்பா வயலின் மட்டும் சேரலைன்னு கேட்டிருந்தீங்க

பாப்பா தப்பா வாசிக்கலைங்க. தந்திதான் வேற சுருதியில இருக்கு.

ஈரோட்டுல மூணு வருசம் கர்நாடக முறையில கத்துக்கிட்டு, இப்பத்தான் கோயமுத்தூர் இளையோர் ஆர்கெஸ்ட்ராவுல சேர்ந்திருக்கான்னு எழுதியிருக்கீங்க. கர்நாடக முறையில நாலு தந்தியையும் ச-ப-ச-பன்னு சுருதி சேர்ப்பாங்க. ஆர்கெஸ்ட்ராவுல தடித்த தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இன்னு மேல்நாட்டு ஸ்வரங்கள். அதனால விரல் சரியான இடத்துல விழுந்தாலும் வேற ஸ்வரம்தான் வரும்.

போன்ல ட்யூனர் (சுருதி காட்டுற ஆப்) போட்டு, விரல் வைக்காம, மெல்லிய தந்திக்கு அடுத்த தந்தியை மட்டும் வில்லால இழுக்கச் சொல்லுங்க. ஏ, 440 ஹெர்ட்ஸ்னு காட்டணும்.

காட்டலைன்னா பழைய தந்தியவே முறுக்கி ஏத்தாதீங்க, இ வரைக்கும் போறதுக்குள்ள அறுந்துடலாம். புது தந்தி செட் போடுங்க. ஒண்ணைக் கழட்டி, புதுசை மாட்டி, அப்புறம்தான் அடுத்தது. நாலையும் ஒரேயடியாக் கழட்டினா, தந்திகளைத் தாங்குற குதிரை (பிரிட்ஜ்) சாஞ்சிடும். உள்ளே நிக்கிற சவுண்ட் போஸ்ட்டும் (சின்ன மரக்குச்சி) விழுந்துடலாம், அதை வீட்டுல நிமிர்த்த முடியாது.

வாரா வாரம் சுருதி மாத்தி மாத்தி வெச்சா தந்தி நிக்காது. கர்நாடகமும் தொடரணும், தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. முடிஞ்சா அதுக்குத் தனி வயலின் வெச்சுக்கங்க.

தரையில உட்கார்ந்து பழகின பிள்ளைக்கு நாற்காலியில உட்கார்ந்து தோள்ல பிடிக்கிறதுதான் இதைவிடக் கஷ்டம். ஷோல்டர் ரெஸ்ட் (வயலினுக்கு அடியில மாட்டுற தோள் தாங்கி) வாங்கி மாட்டுங்க. இடது கையை எடுத்துட்டாலும் வயலின் தாடையில நிக்கணும்.