அமெரிக்க பேஸ்பால் அணிகளான பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் பகை ஏன் இத்தனை தலைமுறையாகத் தணியவில்லை?

தொடக்கம் ஒரு விற்பனை. 1918-இல் உலகத் தொடரை, அதாவது ஆண்டின் சாம்பியன் கோப்பையை, வென்ற பாஸ்டன், அடுத்த ஆண்டின் கடைசியில் தன் நட்சத்திரம் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றது. அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத யாங்கீஸ், 2000-க்குள் 26 வாங்கிவிட்டது. பாஸ்டனுக்கு 86 ஆண்டுகள் ஒன்றுமே இல்லை.

ஆனால் பகையை ஊட்டி வளர்த்தது குடும்பங்கள்தான் என்பேன். 1912-இல் திறந்த பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்குத் தாத்தா அப்பாவைக் கூட்டிப்போனார், அப்பா பிள்ளையை. அங்கே பென்சிலும் ஸ்கோர் கார்டும் கைமாறும். ஒவ்வொரு ஃபீல்டருக்கும் ஓர் எண்: இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடித் தொடும் இடம்) நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 6, இரண்டாம் பேஸ்காரருக்கு 4, முதல் பேஸ்காரருக்கு 3. பந்து அந்த வரிசையில் போய் இருவர் அவுட்டானால் கட்டத்தில் 6-4-3 என்று குறிக்க வேண்டும். அப்படி எழுதிப் பழகும் பிள்ளைக்கு ஆட்டத்தோடு அப்பாவின் ஆற்றாமையும் சேர்ந்தே பதியும்.

2004-இல், உலகத் தொடருக்கு யார் போவது என்று தீர்மானிக்கும் லீக் இறுதித் தொடரில் (நான்கு ஆட்டம் வென்றால் போதும்) முதல் மூன்று ஆட்டமும் யாங்கீஸுக்கே, மூன்றாவது 19-8. நான்காவதில், கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் பாஸ்டன் ஒரு ரன் பின்தங்கியிருந்தபோது அதன் ஆட்டக்காரர் டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படும்வரை காத்திராமல் ஓடிப் பிடித்தார். மயிரிழையில் தப்பினார்! அங்கிருந்து பாஸ்டனுக்கு வரிசையாக நான்கு வெற்றி, பிறகு கோப்பை. பார்க்காமலே போய்ச்சேர்ந்த பெரியவர்களின் கல்லறைகளில் பலர் அணியின் தொப்பியையும் கொடியையும் வைத்தார்கள்.

2007, 2013, 2018-லும் வென்றுவிட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தவிப்பு தெரியாது. யாங்கீஸ் ஃபென்வேக்கு வந்தால் அவர்களும் தொண்டை வறளக் கத்தத்தான் செய்கிறார்கள்.