கறுப்பைத் தொடலாமா? பிஸ்டல் குறி பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சைட் பிக்சர் பற்றியவை. அதாவது முன் சைட், பின் சைட் (துப்பாக்கியின் முனையிலும் பின்னாலும் இருக்கும் குறி பார்க்கும் துண்டுகள்), டார்கெட்டின் கறுப்பு வட்டம் மூன்றும் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் கோச் கறுப்புக்குக் கீழே வெள்ளை விட்டுப் பிடிக்கச் சொல்கிறார். யூடியூபில் ஒருவர் கறுப்பின் அடியைத் தொடு என்கிறார். பத்துப் புள்ளி வளையம் நடுவில்தானே இருக்கிறது, நடுவிலேயே பிடித்தால் என்ன? (கல்லூரி மாணவி, சேலம்)

நடுவில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். முன் சைட்டும் கறுப்பு, வட்டமும் கறுப்பு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் முன் சைட்டின் தலை எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பிக்கும். அந்தத் தலைதான் நமக்கு எல்லாமே. அது வெள்ளைப் பின்னணியில் இருந்தால் பளிச்சென்று தெரியும். அதற்காகத்தான் கீழே இறங்கிப் பிடிக்கிறோம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் டார்கெட்டில் கறுப்பின் குறுக்களவு 59.5 மி.மீ. அடி விளிம்பிலிருந்து மையம் கிட்டத்தட்ட 30 மி.மீ. மேலே இருக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பின் சைட்டின் திருகு பார்த்துக்கொள்ளும். பிடிப்பது கீழே, பெல்லட் (ஏர் பிஸ்டலின் குண்டு) விழுவது நடுவில்.

சரி, தொடுவதா, வெள்ளை விடுவதா? நான் உங்கள் கோச் பக்கம்.

விளிம்பைத் தொடும் படம் பார்க்க அழகாக இருக்கும், சிக்கலும் அந்த அழகில்தான். எங்கள் ரேஞ்சில் ஒரு பெண் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். முன் சைட் கறுப்பைத் தொடும், விலகும், மறுபடி தொடும். தொட்ட நொடியில் ‘இப்போ!’ என்று விரல் பாயும். அவள் டார்கெட்டை எடுத்துப் பார்த்தால் இடது கீழ் மூலையில், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே, எறும்புப் புற்று மாதிரி ஓட்டைகள். சைட் சரியில்லை என்று இரண்டு முறை திருகைத் திருப்பியும் பார்த்துவிட்டாள். கோளாறு விரலில் இருந்தது. வட்டத்தின் பாதி உயரத்துக்கு வெள்ளை விடச் சொன்னேன். “எங்க பிடிக்கிறேன்னே தெரியல சார்” என்று ஒரு வாரம் புலம்பினாள். தொடுவதற்குக் கோடு இல்லை என்றானதும் விரல் பாய்வது நின்றது. மூன்றாவது வாரம் ஓட்டைகள் நடுவுக்கு வந்து ஒன்றுசேர ஆரம்பித்தன.

எவ்வளவு வெள்ளை என்பதற்கு ஸ்கேல் வைக்க வேண்டாம். கால் வட்டம் முதல் பாதி வட்டம் வரை எது இயல்பாக வருகிறதோ அதை வைத்துக்கொண்டு, அதற்கேற்ப சைட்டைத் திருத்துங்கள். வாரம் ஒரு பிடி மாற்றாதீர்கள்.

கை ஆடுகிறது. ஆட்டம் நிற்கும் நொடியைப் பிடித்துச் சுட வேண்டுமா? (மதுரை)

நிற்காது. எனக்கும் நிற்பதில்லை, ஒலிம்பிக் போகிறவர்களுக்கும் நிற்பதில்லை. அவர்களுக்கு ஆட்டம் சின்னது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்து வளையத்தின் குறுக்களவு 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், அதன் மையம் 8 மி.மீ. தள்ளி விழுந்தாலும் பத்துதான். ஆக, துப்பாக்கி மொத்தமாக ஒரு பக்கம் 5 மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டிலும் அதே 5 மி.மீ. நகரும், பத்து போகாது. இப்போது மணிக்கட்டு லேசாக மடங்கி, பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் மட்டும் கால் மி.மீ. ஒதுங்குகிறது என்று வையுங்கள். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி சுமார் 32 செ.மீ. இருக்கும். 10 மீட்டர் போவதற்குள் அந்தக் கால் மி.மீ. கிட்டத்தட்ட 8 மி.மீ. ஆகிவிடும். பத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அதனால் கறுப்புக்குக் கீழே சைட் மிதந்தால் மிதக்கட்டும். பள்ளத்தில் இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சம் ஒரே அளவா, முன் சைட்டின் தலையும் பின் சைட்டின் தலையும் ஒரே மட்டமா என்று மட்டும் பார்த்தபடி டிரிகரை அழுத்திக்கொண்டே போங்கள். வீட்டில் பெல்லட் இல்லாமல் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி. துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

வயது 47. முன் சைட் மங்கலாகத் தெரிகிறது. படிக்கும் கண்ணாடி போட்டால் டார்கெட் காணாமல் போகிறது. (கோயம்புத்தூர்)

நானும் இந்தக் கூத்தை அடித்திருக்கிறேன். கண்ணாடிக் கடையில் படிக்கும் பவரையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள், ரேஞ்சில் நின்று பார்த்தால் கறுப்பு வட்டம் சாம்பல் மேகமாகிவிட்டது.

கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். நமக்குக் கூர்மை வேண்டிய இடம் முன் சைட். வட்டம் கொஞ்சம் மங்கலாம், மங்கத்தான் வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தூரப் பார்வைக்கான பவரோடு +0.50 அல்லது +0.75 கூட்டினால் போதும். தூரத்துக்கு –2.00 போடுகிறவர் –1.50 அல்லது –1.25 முயலலாம். கையை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை மட்டும் கண் பரிசோதகரிடம் கொண்டு போங்கள். பிஸ்டலைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டாம்!

பாரிஸில் அந்தத் துருக்கிக்காரர் ஒரு சாதனமும் இல்லாமல் இரண்டு கண்ணையும் திறந்து சுட்டாரே, நாமும் அப்படிச் செய்யலாமா? (பலர்)

யூசுஃப் டிகேச். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் வெள்ளி வாங்கியவர். சாதாரண மூக்குக் கண்ணாடி, காதில் அடைப்பான், ஒரு கை பாக்கெட்டில். பாக்கெட்டில் கை வைப்பதை ஏதோ அலட்சியம் என்று மீம் போட்டார்கள். பிஸ்டல் சுடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்போம், தோள் ஆடாமல் இருக்க. அவருக்கு அப்போது வயது 51. 2008 முதல் ஒலிம்பிக் போகிறவர் என்பதை மீமில் யாரும் எழுதவில்லை.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் முகம் இறுகாது, அதனால் நல்லதுதான். ஆனால் சிலருக்கு முன் சைட் இரண்டாகத் தெரியும். அவர்கள் கண்ணை இறுக்கி மூடாமல், மற்றக் கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்துக்கொள்ளலாம். போட்டி விதிப்படி அதன் அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கறுப்பு மறைப்பை விட வெளிச்சம் புகும் வெள்ளை மறைப்பு நல்லது. ஒரு கண்ணை இருட்டாக்கினால் மற்றக் கண்ணின் பாவையும் விரியும்.

25 மீட்டரில் பிரிசிஷன் (நிதானமாகச் சுடும் பகுதி) நன்றாக வருகிறது. ரேபிட் (வேகமாகச் சுடும்) பகுதியில் மட்டும் எல்லாம் மேலே போய் எட்டில் விழுகிறது. (திருச்சி)

பிரிசிஷனுக்கு வைத்த சைட்டோடு ரேபிட்டில் நடுவில் பிடிக்கிறீர்கள் போலிருக்கிறது. பிரிசிஷன் டார்கெட்டின் கறுப்பு 200 மி.மீ. அடியைத் தொட்டுப் பிடித்தால் குண்டு 100 மி.மீ. மேலே விழும்படி சைட் வைத்திருப்பீர்கள். ரேபிட் டார்கெட்டில் கறுப்பே 500 மி.மீ. அங்கே மூன்று நொடிக்குள் அடி விளிம்பைத் தேட முடியாது என்பதால் எல்லோரும் நடுவில்தான் பிடிக்கிறோம். இரண்டு பக்கமும் உள்ள வெள்ளைக் கோடுகள் உயரம் பார்க்கத்தான். அதே 100 மி.மீ. இங்கே சரியாக எட்டில் கொண்டுபோய் விடும். இரண்டு பகுதிக்கும் நடுவில் சைட் திருகை எத்தனை கிளிக் (சொடுக்கு) இறக்க வேண்டும் என்று பயிற்சியில் கண்டுபிடித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். போட்டியன்று மனக்கணக்கு வேலைக்காகாது.

ஏர் பிஸ்டலில் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட்) மாட்டிப் பழகலாமா?

போட்டியில் திறந்த சைட் மட்டும்தான். அப்புறம் எதற்கு?

முன் சைட்டின் தலை வெளிச்சத்தில் பளபளக்கிறது. என்ன பூசுவது? (ஈரோடு)

கற்பூரம். சைட் இரும்பாக இருந்தால் அதைக் கழற்றி, துப்பாக்கியையும் காற்று சிலிண்டரையும் வேறு அறையில் வைத்துவிட்டு, இடுக்கியில் பிடித்துக் கற்பூரப் புகையில் ஒரு சுற்றுக் காட்டுங்கள். வெல்வெட் மாதிரி கரி படியும். பிளாஸ்டிக் சைட் என்றால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். மாட்டும்போது விரல் பட்டால் கரி போய்விடும், மறுபடி காட்ட வேண்டியதுதான்.