ஆணுறை போட்டால் குரங்கு அம்மை தொற்றாதா?

ஆணுறை ஓரளவு தடுக்கும், ஆனால் அது மட்டும் போதாது. கொப்புளத்தில் தோல் உரசினாலே இந்த வைரஸ் தொற்றிக்கொள்ளும், அந்தக் கொப்புளம் தொடையிலோ அடிவயிற்றிலோ ஆசனவாயைச் சுற்றியோ வாய்க்குள்ளோ இருந்தால் ஆணுறை அதை எங்கே மூடப்போகிறது? விந்துவிலும் வைரஸைக் கண்டிருக்கிறார்கள், அதனால்தான் குணமான பிறகும் 12 வாரம் ஆணுறை பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2022 மே மாதம் பிரிட்டன், ஸ்பெயின், போர்ச்சுகல் என்று பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். உடனே 'அது அவங்க நோய்' என்று முத்திரை குத்திவிட்டார்கள், எனக்குக் கோபமே அதில்தான். 2023 செப்டம்பரில் காங்கோவின் கமிடுகா என்ற தங்கச் சுரங்க ஊரில் புது வகை தலைதூக்கியது. அங்கே அதிகம் மாட்டியவர்கள் பாலியல் தொழில் செய்யும் பெண்களும் அவர்களிடம் வந்துபோன ஆண்களும், அப்புறம் குழந்தைகளுக்கும் போனது.

இன்னொன்று, எல்லோருக்கும் உடம்பு முழுக்கக் கொப்பளிக்காது. சிலருக்குப் பிறப்புறுப்பில் ஒன்றிரண்டு மட்டும் வரும், நடுவில் குழி விழுந்த மாதிரி இருக்கும், சாதாரணப் பரு என்று விட்டுவிடுவார்கள். உறவுக்குப் பின் 21 நாளுக்குள் காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, இப்படி ஏதாவது தெரிந்தால் கூச்சப்படாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை உறவு வேண்டாம், துண்டு, போர்வைகூடத் தனியாக இருக்கட்டும்.