அலபாமாவுக்குப் படிக்க வரும் தம்பிக்கு: அந்தக் கோச் சம்பளக் கதை

தம்பி, ஆகஸ்டில் டஸ்கலூசாவில், அலபாமா பல்கலைக்கழகத்தில் பிஎச்டி சேரப் போவதாகவும், 'இங்கே புரொபசரைவிட ஃபுட்பால் கோச்சுக்குப் பல மடங்கு சம்பளமாமே, அது நம் ஃபீஸிலிருந்தா போகிறது?' என்றும் கேட்டிருந்தீர்கள். (இங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்.) அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி டிக்கெட், டிவி உரிமை, நன்கொடை இவற்றிலிருந்து வருகிறது. அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் அது நிலையான வேலை இல்லை. இங்கே பல ஆண்டுகள் கோச்சாக இருந்த நிக் சேபனையே பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் நடத்தியவரின் மகன். 1973-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் உதவியாளராக நுழைந்தவர், தலைமைக் கோச் ஆனது 1990-ல், டொலிடோவில். ஒரே சீசன்தான். பிறகு கிளீவ்லாந்து, மிச்சிகன் ஸ்டேட், எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) என்று ஊர் ஊராக மூட்டை கட்டினார். எல்எஸ்யுவில் 2003 சீசனில் தேசியப் பட்டம். அடுத்து மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணி. 15 வெற்றி, 17 தோல்வி. 2006 டிசம்பரில் 'அலபாமாவுக்குப் போக மாட்டேன்' என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னவர், ஜனவரியில் இங்கே வந்து இறங்கிவிட்டார். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர். அந்தப் பேச்சை இந்த ஊரில் யாரும் கிளற மாட்டார்கள். பின்னே, 2009 முதல் 2020 வரை ஆறு பட்டம் வாங்கித் தந்தவராயிற்றே!

காசு எதற்கு என்று கேட்டால் நான் 2018 ஜனவரி தேசிய இறுதிப் போட்டியைத்தான் சொல்வேன். ஜார்ஜியாவிடம் இடைவேளையில் 0-13. சீசன் முழுக்க ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாம் ஆண்டுப் பையன் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். ஓவர்டைமில் எடுத்த எடுப்பில் 16 கெஜம் பின்னால் தள்ளப்பட்ட பையன், அடுத்த பந்திலேயே 41 கெஜத்துக்கு டச் டவுன் வீசினான். 26-23 என்று அலபாமாவுக்கு வெற்றி. தோற்றிருந்தால் சேபனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், தன் கோச் ஜிம்போ ஃபிஷரைச் சீசன் நடுவிலேயே அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். ஏழரை பிடித்தது பல்கலைக்கழகத்துக்குத்தான்!

சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த கேலன் டிபோர் முதல் சீசனில் 9 வெற்றி, 4 தோல்வி. வேறு ஊரில் தூக்கிக் கொண்டாடுவார்கள், இங்கே முணுமுணுத்தார்கள். லேபில் இந்தப் பேச்சு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்து சொல்லாதீர்கள்.

பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். உள்ளூர் மேட்ச் என்றால் வெள்ளிக்கிழமையே காரை வளாகத்தை விட்டு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பரம எதிரியான ஆபர்ன் பல்கலைக்கழகத்தோடு மோதும் நாளில் ஆரஞ்சுச் சட்டை வேண்டாம், அது அவர்கள் நிறம். பர்மிங்காம் போய் இட்லி அரிசி, பருப்பு வாங்குவதென்றால் மேட்ச் இல்லாத சனிக்கிழமையாகப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்தும் கார் போகும், சொன்னால் ஏற்றிக்கொள்கிறோம்.