அஞ்செட்டியில் கண்ட வெட்டுக்கிளி புதிய பேரினமா என்பதை எப்படி முடிவு செய்வார்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியில் இரவு விளக்குக்கு வந்த பச்சை வெட்டுக்கிளி எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை, அது புதிய பேரினமாக (நெருங்கிய சிற்றினங்களை உள்ளடக்கிய தொகுதியாக) இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நூல் போன்ற நீண்ட உணர்கொம்புகளும், முன்னங்கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே செவியும், பாதத்தில் நான்கு கணுக்களும் இருந்தால் அது டெட்டிகோனிடே குடும்பத்துப் புதர் வெட்டுக்கிளி.

நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே சிற்றினத்தில் பச்சையும் பழுப்பும் உண்டு. ஆணின் இடது முன்சிறகின் அடியில், வலது சிறகோடு உரசி ஒலியெழுப்பும் நரம்பில் பற்கள் எத்தனை, எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதையும், வயிற்று நுனியிலுள்ள செர்சிகள் எனும் இணை உறுப்புகளின் வளைவையும், பெண்ணின் வாள் போன்ற முட்டையிடும் உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்த்து, நெருங்கிய பேரினங்களின் மாதிரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். என் கருத்தில் இந்த ஒப்பீடுதான் முழு வேலையின் உயிர்நாடி, ஏனெனில் ஒரு பண்பு மட்டும் மாறுவது புதிய சிற்றினத்தோடு நின்றுவிடலாம். பேரினமாகப் பிரிக்கப் பல பண்புகள் சேர்ந்து வேறுபட வேண்டும், டிஎன்ஏ சான்றும் ஒத்துவந்தால் வாதம் வலுப்படும்.

விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி, வெளியிடும் விளக்கத்தில் பேரினத்துக்கு ஒரு வகைச் சிற்றினத்தையும் (அப்பேரினப் பெயருக்கு அடையாளமான சிற்றினம்), அச்சிற்றினம் புதிதானால் அதற்கு ஒரு மூலமாதிரியையும் (அச்சிற்றினப் பெயருக்கு அடையாளமான மாதிரி) குறிப்பிட வேண்டும்.

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அப்பகுதியிலேயே இருப்பதால், வனத்துறை அனுமதியின்றி எதையும் பிடிக்காதீர்கள். ஆணின் ஒலியைப் பதிவு செய்து, வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்; வெப்பம் கூடினால் அது ஒலியெழுப்பும் வேகமும் கூடும்.